எருமை தெரியவில்லை: பிக்கப்புக்கு எல்இடி பல்பு போடலாமா?

பள்ளத்தூர் பிக்கப் | செவ்வாய், இரவு 10.42

எல்லோருக்கும் வணக்கம். ஆத்தங்குடித் தரைக்கல் ஏற்றிக்கொண்டு போய் மதுரை, திருச்சி, தஞ்சாவூர் என்று இறக்கிவிட்டு வருவது என் பிழைப்பு. பிக்கப்புக்கு ஏழு வயது. பட்டறையில் லோடு அடுக்கி முடிக்கவே பொழுது சாய்ந்துவிடும் என்பதால் பெரும்பாலும் இரவு ஓட்டம்தான்.

முந்தாநாள் பிள்ளையார்பட்டி விலக்கைத் தாண்டியதும் நடுச்சாலையில் எருமை ஒன்று நின்றது. அதன் கண் மின்னிய பிறகுதான் எருமை என்றே தெரிந்தது. பிரேக்கை மிதித்த வேகத்தில் பின்னால் அடுக்கு சரிந்து பதினோரு கல்லுக்கு மூலை போய்விட்டது. எருமை ஓர் அடிகூட நகரவில்லை. வழி மாறி வந்தவன் நான்தான் என்பது போல என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது.

காரைக்குடியில் ஒரு கடையில் விசாரித்தேன். எச்4 (டிம், பிரைட் இரண்டும் ஒரே பல்பில் வரும் வகை) எல்இடி பல்பு ஜோடி 900 ரூபாய், 1,800 ரூபாய், 4,500 ரூபாய் என்று மூன்று பெட்டிகளை எடுத்துவைத்தார்கள். நடுவில் இருந்த பெட்டியில் 20,000 லூமன் (வெளிச்ச அளவு) என்று அச்சிட்டிருக்கிறது. இப்போது வண்டியில் இருப்பது கம்பெனி கொடுத்த 60/55 வாட் (பிரைட் 60, டிம் 55) ஹாலஜன், அதாவது கம்பிச் சுருள் பல்பு. எதை வாங்கலாம்?

இரவு லோடு | செவ்வாய், இரவு 11.15

யோசிக்கவே வேண்டாம் தம்பி, போட்டுவிடுங்கள். மூன்று வருடமாக எல்இடிதான் ஓட்டுகிறேன். பகல் மாதிரி வெள்ளையாக இருக்கும். ஹாலஜன் என்பது சிம்னி விளக்கு. நான்கு மாதத்துக்கு ஒன்று என்று சுருள் அறுந்துகொண்டே இருந்தது, அந்தத் தொல்லையும் போயிற்று.

வயரிங் கடைக்காரர் | புதன், காலை 6.50

பள்ளத்தூர்த் தம்பிக்கு ஒரு கேள்வி. பல்பு ஹோல்டரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பார்த்தீர்களா?

முப்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன். “வெளிச்சம் போதவில்லை” என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் பல்பின் மேல் குற்றம் இருக்காது. பேட்டரியிலிருந்து மின்சாரம் கிளம்பி, ஸ்டியரிங் அடியில் இருக்கும் சுவிட்சுக்குப் போய், டிம்-பிரைட் நெம்புகோலைத் தாண்டி, மெல்லிய வயரில் முன்னால் வந்து சேருவதற்குள் களைத்துவிடும். இரண்டு டிம் பல்பும் சேர்ந்து ஒன்பது ஆம்பியர் இழுக்கின்றன. அத்தனையும் அந்தச் சின்ன சுவிட்சின் உதட்டு வழியாகத்தான் போகிறது.

இஞ்சினை ஓடவிட்டு, டிம் போட்டு, பிளக்கை முழுக்கக் கழற்றாமல் பின்பக்கமாக மீட்டரின் ஊசியைச் செருகி அளந்து பாருங்கள். பேட்டரி முனையிலும் அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. பெட்டி வாங்குவதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

இயற்பியல் வாத்தியார் | புதன், காலை 9.05

ஓய்வு பெற்றவன், நேரம் நிறைய இருக்கிறது. நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 20,000 லூமன். எச்4 ஹாலஜனுக்கு வகுத்த அளவே 13.2 வோல்ட்டில் டிம் சுமார் 1,000 லூமன், பிரைட் சுமார் 1,650. எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமன் தருவதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 20,000 லூமனுக்கு 200 வாட் வேண்டும். கட்டைவிரல் பருமனுள்ள பல்பு அந்தச் சூட்டைத் தாங்காது. பெட்டியில் அச்சிடுவதற்குக் காசா, பணமா?

இரண்டாவது, வெளிச்சம் எவ்வளவு என்பதைக் காட்டிலும் அது எங்கே விழுகிறது என்பது முக்கியம். பழைய எச்4 பல்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். முன்னால் இருப்பது டிம். அதற்கு அடியில், குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை மாதிரி ஒரு குட்டித் தகடு தாங்கிக்கொண்டிருக்கும். டிம் வெளிச்சம் பிரதிபலிப்பானின் கீழ்ப்பாதியில் படாமல் மறைப்பதுதான் அந்தத் தகட்டின் வேலை. மேல்பாதியில் பட்டது மட்டும் சாலையை நோக்கி இறங்கும். சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் ஒரு கோடு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிற நாடு என்பதால் கோடு இடது ஓரத்தில் 15 டிகிரி மேலேறும். ஓரத்தில் நடப்பவர் தெரியவேண்டும், எதிரே வருபவர் கண் கூசக் கூடாது. இந்த இரண்டையும் அந்தப் பாலாடைதான் பார்த்துக்கொள்கிறது.

சுருள் அரிசி மணி அளவுதான் இருக்கும். எல்லாப் பக்கமும் ஒளி வீசும். எல்இடி பல்பில் ஒரு பட்டையின் இரண்டு முகங்களிலும் சில்லுகளை ஒட்டியிருக்கிறார்கள். பட்டையின் தடிமனால் இரண்டு முகமும் குவியத்தை விட்டு விலகி நிற்கின்றன. பல்பில் ஒரு மில்லிமீட்டர் விலகினால் சாலையில் அது மீட்டர் கணக்கில் தெரியும். பிரதிபலிப்பான் அரிசி மணிக்காக வளைத்த கிண்ணம். அதில் அவல் பொட்டலத்தை வைத்தால் அது என்ன செய்யும்?

இன்னொன்று, இரவு லோடு சொன்ன “பகல் மாதிரி”. எல்இடி மாட்டியதும் வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் பளீரென்று இருக்கும். அந்தப் பளபளப்பில் கண்ணின் பாவை சுருங்கிவிடும். அப்புறம் எண்பது மீட்டருக்கு அப்பால் நிற்கும் கறுப்பு எருமை முன்பைவிடக் குறைவாகத்தான் தெரியும். ஆனால் மனம் மட்டும் “நன்றாகத் தெரிகிறது” என்று சாட்சி சொல்லும்.

இரவு லோடு | புதன், மதியம் 1.20

ஐயா, பாடம் நன்றாக இருக்கிறது. ஆனால் சாலையில் கிடப்பவன் நான். ஹாலஜனில் தெரியாத பள்ளம் எனக்கு எல்இடியில் தெரிகிறது. எதிரே வருபவர்களும் இப்போது வெள்ளையாகத்தான் அடிக்கிறார்கள். அவர்கள் அடிக்கும்போது நான் மட்டும் அகல் விளக்கோடு போகவேண்டுமா?

கண்டனூர்க்காரி | புதன், மதியம் 2.48

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நடந்த விஷயம் ஒன்றைச் சொல்கிறேன்.

போன தைப்பூசத்துக்கு அப்பாவோடு பழனி பாதயாத்திரை போனேன். அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது, பதினாறாவது முறை. குன்றக்குடியில் கிளம்பிய அன்று இரவு திருப்பத்தூர்ச் சாலையில் வரிசையாக ஓரத்தில் நடந்துகொண்டிருந்தோம். எல்லோர் முதுகிலும் ஒளிரும் ஸ்டிக்கர் இருந்தது. எதிரே ஒரு லோடு வண்டி வந்தது. வெள்ளை வெளிச்சம், டிம் போட்டிருந்தாரா பிரைட் போட்டிருந்தாரா என்றுகூடத் தெரியவில்லை. கடந்துபோன பிறகு எனக்கு நான்கைந்து நொடியில் பார்வை திரும்பிவிட்டது. அப்பாவுக்குத் திரும்பவில்லை. இருட்டில் சாலையின் ஓரம் என்று நினைத்துக் காலை வைத்தார், அது பள்ளம். கணுக்கால் பிசகிவிட்டது. சிங்கம்புணரியோடு யாத்திரை நின்றது. “பதினாறை எண்ணுவதா வேண்டாமா?” என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த வண்டிக்காரருக்கு இப்படி ஒருவர் விழுந்ததே தெரிந்திருக்காது. அவருக்குச் சாலை பகல் மாதிரி இருந்திருக்கும்.

இரவு லோடு | புதன், மதியம் 3.10

அம்மா, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. அது நான் இல்லை என்று நம்புகிறேன். ஆனால் எல்லா எல்இடியும் அப்படி இல்லை. வாத்தியார் ஐயா சொன்ன சில்லுகள் கடிகாரத்தில் 3, 9 மணி இருக்கும் பக்கங்களைப் பார்த்து நிற்கவேண்டும். அவசரத்தில் மேலும் கீழுமாக மாட்டிவிட்டால்தான் கண்டபடி சிதறும். நான் திருப்பிச் சரிசெய்துதான் ஓட்டுகிறேன்.

இயற்பியல் வாத்தியார் | புதன், மாலை 4.30

அது சரியான விஷயம், ஒப்புக்கொள்கிறேன். நல்ல தயாரிப்பாக இருந்து, திசையும் சரியாக இருந்தால் தவறு வெகுவாகக் குறையும். ஜெர்மனியில் 2020 இல் ஓஸ்ராம் நிறுவனத்தின் ஓர் எல்இடி மாற்றுப் பல்புக்குச் சாலையில் ஓட்ட அனுமதியே கொடுத்தார்கள். ஆனால் “எந்த வண்டியில் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்” என்று கொடுக்கவில்லை. எந்த மாடலின் எந்த விளக்குக் கூட்டில் சோதித்துச் சரியாக வந்ததோ, அந்தப் பட்டியலுக்கு மட்டும். காரைக்குடிக் கடைப் பெட்டிக்கு அப்படி ஒரு பட்டியல் உண்டா?

செம்மண் பாதை | புதன், மாலை 6.02

சட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். பல்புக்காக யாரையும் சிறையில் வைத்துப் பார்த்ததில்லை. ஆனால் விபத்து என்று ஒன்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் இதைத்தான் தோண்டுவார்.

வண்டித் தகுதிச் சான்றான எஃப்.சி.க்குப் போகும் அன்று மட்டும் ஹாலஜனை மாட்டிவிட்டு மறுநாள் கழற்றும் வித்தை எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

பழைய ஆட்கள் யாராவது நினைவு வைத்திருக்கிறீர்களா? முன்பெல்லாம் முகப்பு விளக்குக் கண்ணாடி நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டுவார்கள். கண் கூச்சத்துக்கு அதுதான் மருந்து. வண்டிக்கே திருஷ்டி கழித்த மாதிரி இருக்கும்.

பள்ளத்தூர் பிக்கப் | வியாழன், இரவு 9.30

வயரிங் அண்ணன் சொன்னபடி அளந்தேன். பேட்டரியில் 13.7. வலது ஹோல்டரில் 11.3. இடதில் 11.5. இது மோசமா?

வயரிங் கடைக்காரர் | வியாழன், இரவு 9.41

மோசமா என்று கேட்கிறீர்களே! 2.4 வோல்ட்டை வழியிலேயே பறிகொடுத்திருக்கிறீர்கள். வாத்தியார் ஐயா, கணக்கை நீங்களே சொல்லுங்கள்.

இயற்பியல் வாத்தியார் | வியாழன், இரவு 10.05

சுருள் பல்பில் வோல்ட் குறைகிற விகிதத்தில் வெளிச்சம் குறைவதில்லை, அதைவிட வேகமாகச் சரியும். ஏறத்தாழ வோல்ட்டின் 3.4 மடிப்படி மாறும். 11.3-ஐ 13.7-ஆல் வகுத்தால் 0.82. அதை 3.4-க்கு உயர்த்தினால் 0.52. தம்பி, உங்கள் ஹாலஜன் பாதி வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருக்கிறது. நிறமும் தேன் நிறமாக மாறியிருக்குமே?

பள்ளத்தூர் பிக்கப் | வியாழன், இரவு 10.09

ஆமாம் ஐயா, நல்லெண்ணெய் நிறம். நான் அதுதான் ஹாலஜன் என்று நினைத்திருந்தேன்.

வயரிங் கடைக்காரர் | வெள்ளி, காலை 7.15

செய்யவேண்டியதை எழுதுகிறேன். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள், அவருக்கு இது ஒரு மணி நேர வேலை.

இரண்டு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இரண்டு, ஒவ்வொன்றிலும் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸை ரிலேக்குப் பக்கத்தில் போட்டு ஏமாற்றுவார்கள், விடாதீர்கள். நடுவில் வயர் உரசினால் வண்டி எரியும். வயர் ரிலேயின் 30 ஆம் எண் முனைக்கு வரவேண்டும், 87 இலிருந்து பல்புக்குப் போகவேண்டும். பழைய ஹோல்டருக்கு வந்த வயர் இனிமேல் 86 ஐ மட்டும் தட்டி எழுப்பும், 85 எர்த். சுவிட்சுக்கு இனிப் பாரமே இல்லை.

அதற்கு முன்னால் எர்த்தைப் பாருங்கள். பல்பின் எர்த் காலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

100/90 வாட் பல்பு போடலாம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஹோல்டர் உருகி என் கடைக்கு வந்தவை ஒரு மூட்டை இருக்கும்.

இரவு லோடு அண்ணனுக்கு ஒரு வார்த்தை: நான்கு மாதத்தில் சுருள் அறுவது பல்பின் குணம் இல்லை. ஒன்று, சார்ஜிங் 14.5-க்கு மேல் போயிருக்கும். இல்லையென்றால் மாட்டும்போது கண்ணாடியைக் கையால் தொட்டிருப்பீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் பொரிந்து கண்ணாடி கெட்டுப்போகும். துணியால் பிடித்து மாட்டவேண்டும்.

இரவு லோடு | வெள்ளி, காலை 8.00

கையால்தான் மாட்டினேன். யாரும் சொல்லவில்லை.

பள்ளத்தூர் பிக்கப் | ஞாயிறு, இரவு 8.20

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எர்த்தை அளந்தேன், 0.9 காட்டியது. ரேடியேட்டர் பக்கத்தில் ஒரு போல்ட்டில் எர்த் வயர் முடிகிறது. கழற்றினால் அடியில் செம்மண் பொடி கெட்டிப்பட்டு, அதன் மேல் பச்சைக் களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆனதும் மாட்டி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். 0.1 ஆகிவிட்டது. ரிலே, ஃபியூஸ், வயர், கூலி எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய். இப்போது ஹோல்டரில் 13.2.

பிறகு ஒரு சோதனை. பக்கத்து வீட்டுத் தம்பியின் எல்இடி ஜோடியை ஒரு நாளைக்கு இரவல் வாங்கினேன். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் பின்புறச் சுவர் ஒரு தெருவின் முழு நீளத்துக்கும் ஓடுகிறது. அதைவிட நல்ல திரை எங்கே கிடைக்கும்? இரவு ஒன்பது மணிக்கு அங்கே போய், சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி, மட்டமான இடத்தில் நிறுத்தினேன். என் விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 85 சென்டிமீட்டர். சுவரில் 85 இல் ஒரு சாக்பீஸ் கோடு, 75 இல் ஒரு கோடு. பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் இறங்கவேண்டும் என்று வாத்தியார் ஐயா தனிச் செய்தியில் சொல்லியிருந்தார்.

ஹாலஜன்: நூல் பிடித்த மாதிரி கோடு, இடது பக்கம் மேலேறுகிறது. எல்இடி: கோடு இருக்கிறது, ஆனால் அதற்கு மேலே சாம்பல் நிறத்தில் இன்னொரு திட்டு, மனிதர் நெஞ்சு உயரத்தில். திருப்பித் திருப்பி வைத்தும் அந்தத் திட்டு போகவில்லை. காவல்காரர் வெளியே வந்து, “யாரைத் தேடுகிறீர்கள்?” என்று கேட்டார். கோட்டைத் தேடுகிறேன் என்றால் நம்புவாரா? சாக்பீஸை அழித்துக் காட்டிய பிறகுதான் உள்ளே போனார்.

இன்னொன்றும் கவனித்தேன். எல்இடி எரியும்போது ரேடியோவில் கோடை பண்பலை 100.5 இல் வண்டு புகுந்த மாதிரி இரைச்சல். அணைத்தால் பாட்டு வருகிறது. இரவு ஓட்டத்தில் எனக்குத் துணை அந்த ரேடியோ ஒன்றுதான்.

ஆனால் பெரிய கண்டுபிடிப்பு இதெல்லாம் இல்லை. மறுநாள் லோடு ஏற்றியதும் வீட்டுச் சுவரில் அடித்துப் பார்த்தேன். கோடு 95-க்குப் போய்விட்டது!

இயற்பியல் வாத்தியார் | ஞாயிறு, இரவு 9.12

இதைத்தான் எதிர்பார்த்தேன். கல் ஏற்றியதும் பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஆறு சென்டிமீட்டர் அதிகமாக அமுங்கியிருக்கும். இரண்டு அச்சுக்கும் இடையே மூன்று மீட்டர் என்றால், மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் மூக்கு தூக்குகிறது. பத்து மீட்டரில் இருபது சென்டிமீட்டர். 75 இல் இருந்த கோடு 95-க்குப் போனது அப்படித்தான். ஐம்பது மீட்டரில் அது தரையிலிருந்து 135 சென்டிமீட்டர். எதிரே கார் ஓட்டி வருபவரின் கண் அதற்குக் கீழேதான் இருக்கும். நீங்கள் டிம் போட்டுக்கொண்டு போவதாக நினைத்துக்கொண்டு, ஊரெல்லாம் பிரைட் அடித்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். அது ஹாலஜனாக இருந்தாலும் சரி, எல்இடியாக இருந்தாலும் சரி.

டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு திருகு இருக்கிறதா பாருங்கள்.

பள்ளத்தூர் பிக்கப் | ஞாயிறு, இரவு 9.20

இருக்கிறது! ஏழு வருடமாக அது மீட்டர் விளக்கைக் கூட்டிக் குறைக்கும் திருகு என்று நினைத்திருந்தேன். திருகினால் எதுவும் மாறாததால் கெட்டுப்போனது என்று விட்டுவிட்டேன். இப்போது 2 இல் வைத்தேன், விளக்குக்குள் ‘உர்’ என்று ஒரு சத்தம், கோடு இறங்கி வந்தது. லோடு வண்டிக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, பாருங்கள்.

கண்டனூர்க்காரி | ஞாயிறு, இரவு 9.55

அந்தத் திருகை அப்பாவிடம் சொன்னேன். “எல்லா லோடு வண்டியிலும் இருக்கிறதா?” என்று கேட்டார்.

வயரிங் கடைக்காரர் | ஞாயிறு, இரவு 10.10

பல வண்டிகளில் இருக்கிறது அம்மா. இல்லாத வண்டிக்கு விளக்கின் பின்னால் ஸ்க்ரூ உண்டு. வழக்கமாக லோடோடு போகிறவர் லோடு ஏற்றிவைத்தே கோட்டைச் சரிசெய்துகொள்ளவேண்டும்.

இரவு லோடு | திங்கள், காலை 5.40

நேற்று ராத்திரி என் வண்டியையும் சுவரில் அடித்துப் பார்த்தேன். எவ்வளவு என்று சொல்லமாட்டேன். எல்இடியைக் கழற்றப் போவதில்லை, அது வேறு பேச்சு. ஆனால் ஸ்க்ரூவை இறக்கிவிட்டேன். சாக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகும்வரை எதிரே வந்த ஒருவரும் பிரைட் அடித்துத் திட்டவில்லை. அது கொஞ்சம் வினோதமாக இருந்தது.

தம்பி, தஞ்சாவூர் ஓட்டம் எப்படி இருந்தது?

பள்ளத்தூர் பிக்கப் | செவ்வாய், காலை 11.30

நன்றாக இருந்தது அண்ணே. திருமயம் தாண்டி நல்ல மழை. ஈரத் தாரில் வெளிச்சம் ஒட்டிக்கொண்டு தெரிந்தது. கல் ஒன்றும் உடையவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். மழைக்குப் பிறகு இடது விளக்குக் கண்ணாடிக்குள் முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறது. கண்ணாடியை மாற்றவேண்டுமா?

வயரிங் கடைக்காரர் | செவ்வாய், மதியம் 12.05

வேண்டாம். எல்இடியைச் சோதிக்கும்போது பின்னால் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றினீர்கள் அல்லவா, அதைத் திரும்ப மாட்டும்போது உதடு உள்பக்கம் மடங்கியிருக்கும். எல்இடியின் காற்றாடிக்கு இடம் வேண்டும் என்று அந்த மூடியையே அறுத்துவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் பிரதிபலிப்பானில் இரண்டு மழைக்காலத்தில் பளபளப்புப் பூச்சு உரிந்துவிடும். நீங்கள் மூடியைக் கழற்றி, அரை மணி நேரம் டிம் எரியவிடுங்கள். ஹாலஜன் சூட்டில் நீர் தானே காய்ந்துவிடும். பிறகு மூடியின் உதட்டை விரலால் சுற்றி நீவி விட்டு அழுத்துங்கள். வடிகால் குழாய் கீழ்நோக்கி இருக்கவேண்டும்.